கடல் தாண்டிப் போன நார்த்தங்காய் டப்பா

எனக்கு இரண்டு விஷயத்தில் கர்வம் உண்டு. ஒன்று நான் போடுகிற நார்த்தங்காய் ஊறுகாய். இன்னொன்று நான் எழுதுகிற ஆணை வரைவு. ஊறுகாயில் உப்பு ஒரு கல் கூடாது, குறையாது. வரைவில் ஒரு ஓட்டை இருக்காது. போர்ட் பிளேரில், சுற்றுச்சூழல் சம்பந்தப்பட்ட ஓர் அரசு அலுவலகத்தில், மேல்நிலை எழுத்தராக இருபது வருஷம் நாற்காலி தேய்த்திருக்கிறேன். அதிகாரிகள் மெயின்லேண்டிலிருந்து வருவார்கள், இரண்டு வருஷம் மழையையும் கப்பல் டிக்கெட்டையும் திட்டுவார்கள், போய்விடுவார்கள். கோப்புகளும் நானும்தான் நிரந்தரம். அந்த இரண்டு கர்வமும் ஒரே நாளில், ஒரே மேஜையில், வெளிநாட்டு விருந்தாளிகள் முன்னால் சந்தி சிரித்துப் போயிற்று. மூன்று மாதம் அதை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். இப்போது ஆறிப்போய்விட்டது, சொல்லலாம்.

எங்கள் தீவுகளுக்கு டில்லியைவிட பர்மா பக்கம். வாடைக்காற்று தொடங்கினால் போதும், அக்கம் பக்கத்து நாடுகளின் குப்பையெல்லாம் அழைக்காமலே வந்து கரையேறும். தாய்லாந்து தண்ணீர் பாட்டில், பர்மா எனர்ஜி டிரிங்க் பாட்டில், இந்தோனேசியா நூடுல்ஸ் கப், மீன்வலை மிதவை, செருப்பு. செருப்பு என்றால் எப்போதும் ஒற்றைதான். ஜோடியாக வந்திருந்தால் எத்தனையோ நாள் நானே போட்டுக்கொண்டு போயிருப்பேன்.

இந்தக் குப்பைக்காக ஒரு திட்டம் வந்தது. கடல்வழியே வந்து சேரும் வெளிநாட்டுக் கழிவைப் பொறுக்குவது, எந்த நாட்டுடையது என்று பிரித்துக் கணக்கெடுப்பது, பிறகு அந்த நாட்டோடு உட்கார்ந்து பேசுவது. விதிமுறைகளை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. வெளிநாட்டுக் குப்பை எங்கள் திட்டத்தில் வரும். உள்ளூர்க் குப்பை வேறு ஒரு துறையின் செலவுக் கணக்குத் தலைப்பு. இரண்டும் கலந்துவிட்டால் தணிக்கைக்காரர்கள் பிய்த்து எடுத்துவிடுவார்கள். அதனால் நான் ஏழாம் பிரிவை எழுதினேன். “உள்நாட்டில் தோன்றிய கழிவு எதையும் இத்திட்டப் பணியாளர்கள் எக்காரணம் கொண்டும் தொடவோ, இடம் மாற்றவோ, எடுத்துச் செல்லவோ கூடாது.” ‘எக்காரணம் கொண்டும்’ என்பதற்கு அடிக்கோடு வேறு போட்டேன். எங்கள் அதிகாரி படித்துவிட்டு, “வாஹ், மேடம் ஜி! ஏக்தம் பக்கா!” என்று இந்தியில் மெச்சினார். அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

திட்டத்தின்படி, போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் போகவேண்டிய ஹட் பேயில் கரையைப் பார்த்துக்கொள்ள ஒரு மஸ்தூர், அதாவது கூலியாள், தேவைப்பட்டது. தினக்கூலி மஸ்தூரை டி.ஆர்.எம். என்போம். ஆறு மாதத்துக்கு ஒரு ஆர்டர். ஆறு மாதம் முடிந்தால் மறு ஆர்டர் வரும் வரை வயிற்றில் நெருப்புதான். அந்த வேலைக்கு வந்தவள் எங்கள் தமிழ்க்காரப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவள் அப்பா ராமநாதபுரத்திலிருந்து வந்து அங்கே பாமாயில் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தோட்டம் மூடிப் போனது, அப்பாவும் போய்விட்டார், புருஷன் இல்லை, ஒரு மகள் மட்டும். கரையில் பாட்டில் பொறுக்குகிற வேலைதான் அந்த வீட்டுக்கு அடுப்பு.

நான் முதன்முதலாக ஆய்வுக்குப் போனபோது கப்பல் என்னைக் குடலோடு பிடுங்கி எடுத்திருந்தது. கப்பல்துறையில் இறங்கியதும் என் முகத்தைப் பார்த்தே அவள் புரிந்துகொண்டு, உப்பும் எலுமிச்சையும் போட்ட, பால் விடாத கட்டன் சாயா ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடித்த பிறகுதான் எனக்கு என் பெயரே ஞாபகம் வந்தது. பிறகு கரைக்குப் போனோம். எனக்குத் திரும்பவும் தலை சுற்றியது. அவள் பொறுக்கி முடித்துவிட்டதாகச் சொன்ன இடத்தில் குப்பை அப்படியே கிடந்தது.

“என்னம்மா இது, பாதிய விட்டுட்டே?”

“விடலக்கா. அதெல்லாம் நம்ம கச்சரா. ஏழாவது பாராவுல தொடக்கூடாதுன்னு போட்டுருக்குல்ல?”

உற்றுப் பார்த்தேன். கிடந்தவை அத்தனையும் நம்முடையவை. நம் பிஸ்கட் உறை, நம் ஷாம்பூ சாஷே, நம் குளிர்பான பாட்டில். அவள் ஒரு தாய்லாந்து மீன்பெட்டியைக் கவிழ்த்தாள். உள்ளேயிருந்து நம் ஊர் பான் மசாலா பாக்கெட் ஒன்று விழுந்தது. அதை இரண்டு விரலால் எடுத்து, பெட்டி இருந்த அதே இடத்தில் மணலில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“தொடக்கூடாதுதான் அக்கா. ஆனா தொடாம எப்படி திருப்பி வெக்கிறது?”

நல்ல கேள்வி. ஏழாம் பிரிவில் அதற்குப் பதில் இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. என் வரைவில் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டாளே என்று ஒரு பக்கம், இப்படி எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்கிறாளே என்று ஒரு பக்கம். என் வாழ்க்கையில் நான் எழுதிய விதியை யாரும் முழுசாகப் படித்ததே கிடையாது. இவள் படித்து, அதன்படி நடந்தும் காட்டுகிறாள். திட்டவும் முடியவில்லை, கட்டிக்கொள்ளவும் முடியவில்லை.

ஆனால் ஆள் கெட்டிக்காரி. பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்தால் போதும், நாட்டைச் சொல்லிவிடுவாள். “சுழிச்சு சுழிச்சு வட்டமா எழுதிருந்தா பர்மா. தலையில கொக்கி மாட்டிருந்தா தாய்லாந்து. இங்கிலீஸ் எழுத்தாட்டம் இருந்து, நம்ம புள்ளைக்கும் படிக்க வராட்டி மலேசியா, இல்லாட்டி இந்தோனேசியா.” லேபிளே இல்லையென்றால்? மூடியைப் பார்ப்பாள், அடியைப் பார்ப்பாள், மோந்துகூடப் பார்ப்பாள். மூன்று வருஷத்தில் ஒரு பாட்டிலைக்கூட அவள் மாற்றிச் சொன்னதில்லை. நான் மேல்நிலை எழுத்தர், எனக்கு இன்றுவரை மலேசியாவையும் இந்தோனேசியாவையும் பிரிக்கத் தெரியாது.

அந்தக் கட்டன் சாயாவுக்கு நன்றியாக, வருஷா வருஷம் அவளுக்கு ஊறுகாய் அனுப்ப ஆரம்பித்தேன். போர்ட் பிளேரிலேயே ஷாதிபூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு நார்த்தை மரம் உண்டு. காயைச் சுருளாக நறுக்கி, உப்பில் ஊறவைத்து, மழைக்கு நடுவே கிடைக்கிற வெயிலில் திருட்டுத்தனமாகக் காயவைத்துப் போடுகிற ஊறுகாய் அது. கப்பலில் போகிற யார் கையிலாவது கொடுத்துவிடுவேன். டப்பா என்னுடைய நல்ல டப்பா. கனமான வெள்ளை டப்பா, சிவப்பு மூடி, உள்ளே ரப்பர் வளையம். அதன் மேல் அழியாத மார்க்கரில், என் கையெழுத்தில் எழுதியிருந்தேன். “நார்த்தங்காய். ஈரக் கை படக்கூடாது. மூடியை இறுக்கி மூடவும்.” டப்பாவைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது எழுதாத விதி. ஊறுகாய் போனால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம், நல்ல டப்பா போனால் போனதுதான்.

போன வருஷம் டப்பா திரும்பி வரவில்லை. அவளுக்கு போன் போட்டேன்.

“டப்பா எங்கே?”

“வருதுக்கா.”

அடுத்த மாதமும் கேட்டேன். வருதுக்கா. அதற்கடுத்த மாதமும் வருதுக்கா. கப்பல் வந்தது, ஆட்கள் வந்தார்கள், கருவாடு வந்தது, டப்பா மட்டும் வரவில்லை. என் வீட்டுக்காரர், “ஒரு டப்பாவுக்கு ஏன் இப்படி மல்லுக்கட்டறே? வேற வாங்கிக்கலாம்” என்றார். அவருக்கு என்ன தெரியும்? ரப்பர் வளையம் வைத்த டப்பாவின் அருமை ஆண்களுக்குத் தெரியாது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கூட்டம் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கத்து நாடு ஒன்றிலிருந்து நாலு பேர் கொண்ட குழு போர்ட் பிளேருக்கு வரப்போகிறது, கடல் மாசு பற்றி இரு தரப்பும் பேசி ஓர் உடன்பாட்டுக் குறிப்பு எழுதப் போகிறது என்றார்கள். நாட்டின் பெயரை நான் சொல்லமாட்டேன். சொன்னால் எனக்கு இன்னொரு மெமோ வரும்.

எங்கள் அதிகாரிக்குத் தூக்கமே போய்விட்டது. என்னை உட்காரவைத்துத் தெளிவாகச் சொன்னார். குப்பை உங்களிடமிருந்துதான் எங்களுக்கு வருகிறது என்று அவர்கள் குறிப்பில் ஒத்துக்கொண்டால், வெளிநாட்டுக் கழிவுத் திட்டம் தொடரும். ஒத்துக்கொள்ளாவிட்டால் மேலே நீட்டிப்புக் கிடைக்காது. திட்டம் போனால் அதன் மஸ்தூர்களும் போகவேண்டியதுதான். ஹட் பேக்காரியின் ஆர்டர் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அவளுக்கும் இது தெரியும். போனில் சொன்னாள், “ஆர்டர் வரலைன்னா ஹேவ்லாக் தீவுல ரிசார்ட்டுக்கு பாத்திரம் தேய்க்கத்தான்க்கா போகணும். தங்கிதான் வேலையாம். பிள்ளை பத்தாவது. அவள யாருகிட்ட விடுறது?” கவலைப்படாதே, நான் இருக்கிறேன் என்று பெரிய மனுஷி மாதிரிச் சொன்னேன்.

அவளையே கூட்டத்துக்கு வரவழைப்பது என்று நான்தான் யோசனை சொன்னேன். விருந்தாளிகள் முன்னால் பாட்டில்களைப் பிரித்து நாடு நாடாகச் சொல்லட்டும், வாயடைத்துப் போவார்கள். அதிகாரி கைதட்டினார். ஹட் பேயிலிருந்து மூன்று மூட்டை பாட்டிலோடு அவள் கப்பலில் வந்து சேர்ந்தாள். நல்ல புடவை கட்டி, தலை நிறைய எண்ணெய் வைத்து வாரி, பரீட்சை எழுத வந்தவள் போல இருந்தாள்.

கூட்டத்தன்று காலை எட்டு மணிக்கு ஒரு களேபரம். மேஜை முழுக்க யாரோ தண்ணீர் பாட்டில்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள், பிளாஸ்டிக். அதிகாரி “ஹடாவ், ஹடாவ்!” என்று அலறினார். எல்லாவற்றையும் அள்ளி என் மேஜைக்கு அடியில் திணித்துவிட்டு, கேண்டீனிலிருந்து எவர்சில்வர் டம்ளர்களைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தோம். கூட்டம் முடியும் வரை என் கால் வைக்க இடமில்லை.

விருந்தாளிக் குழுவின் தலைவி ஒல்லியான பெண்மணி, என் வயதுதான் இருக்கும். மெதுவாகப் பேசினார், கண்ணால் சிரித்தார். பேச்செல்லாம் ஆங்கிலத்தில். எங்கள் அதிகாரி படம் போட்டுக் காட்டினார், அம்புக்குறி எல்லாம் கடலைத் தாண்டி எங்கள் பக்கமே பாய்ந்தது. அடுத்து இவள். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன், இவள் மூடியைத் திருகி, அடியைப் பார்த்து, டக் டக்கென்று சொன்னாள். ஒரு பாட்டிலை, “இது கரையில இருந்து வரல, கப்பல்காரன் எறிஞ்சது” என்றாள். எப்படித் தெரியும் என்று தலைவி கேட்டார். “தாய்லாந்து பாட்டிலு, மலேசியா மூடி. ரெண்டு நாட்டுலயும் வாங்கிக் குடிச்சவன் கப்பல்லதான் இருந்திருக்கான்.” நான் மொழிபெயர்த்ததும் நாலு பேரும் கைதட்டினார்கள். எங்கள் அதிகாரி மீசையைத் தடவிக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அப்போது அந்தத் தலைவி, மிகவும் மரியாதையாக, “நாங்களும் கொஞ்சம் கொண்டுவந்திருக்கிறோம்” என்றார். ஒரு பெட்டியைத் திறந்தார்கள். நம் ஊர் தலைக்கு வைக்கிற எண்ணெய் பாட்டில் வந்தது. பான் மசாலா பாக்கெட் வந்தது. எங்கள் அதிகாரி, “டூரிஸ்ட்கள் போட்டதாக இருக்கலாமே” என்றார். பிறகு தலைவி ஒரு டப்பாவை எடுத்து மேஜை நடுவில் வைத்தார். கனமான வெள்ளை டப்பா. சிவப்பு மூடி.

ஈரக் கை படக்கூடாது. மூடியை இறுக்கி மூடவும். என் கையெழுத்து. கடல்தண்ணீரில் ‘நார்த்தங்காய்’ மட்டும் அழிந்திருந்தது, மற்றதெல்லாம் அப்படியே. நல்ல மார்க்கர் வாங்கியது என் தப்பு.

“இது எந்த மொழி?” என்று தலைவி கேட்டார்.

“தமிழ்,” என்றார் அதிகாரி. உடனே சுதாரித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். தமிழ் பல நாடுகளில் பேசப்படுகிறது, இலங்கை இருக்கிறது, மலேசியா இருக்கிறது, சிங்கப்பூர் இருக்கிறது, ஆகவே எழுத்தை வைத்து நாட்டை முடிவு செய்ய இயலாது என்றார். மெயின்லேண்ட்காரருக்கு அன்றுதான் தமிழின் உலகளாவிய பரப்பு தெரிந்தது. “எங்கள் அலுவலகத்தின் தமிழ் நிபுணர் இங்கேயே இருக்கிறார்” என்று என்னைக் காட்டினார். பிறகு குரலைத் தணித்து, “போலியே மேடம் ஜி, கஹான் கா தமில் ஹை?” என்றார். எந்த ஊர்த் தமிழ் என்று சொல்லுங்கள் என்கிறார். கண் மட்டும் வேறு ஏதோ சொன்னது.

நான் டப்பாவைப் பார்த்தேன். சுவரோரம் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தேன். மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது. பொய் சொல்ல எனக்குப் பயமில்லை, இருபது வருஷ சர்க்கார் உத்தியோகம். டப்பாவைக் கையில் எடுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒரு பண்டிதர் தோரணையில், “எழுத்தின் வளைவைப் பார்த்தால் மலேசியா பக்கத்து வழக்கம் போலத் தெரிகிறது” என்றேன். என் எழுத்தைப் பற்றி நானே.

தலைவி தலையாட்டினார். பிறகு இவளைக் காட்டி, “இன்று அவர் ஒன்றைக்கூடத் தவறாகச் சொல்லவில்லை. அவரிடமும் கேட்போமே” என்றார்.

டப்பாவைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். அறையில் எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில், முகத்தில் ஒரு புன்னகையை ஒட்டவைத்துக்கொண்டு சொன்னேன். “எந்த நாடுன்னு கேக்கறாங்க. அவசரப்படாதே. ஒன்பது நாள்ல ஆர்டர் முடியுது, அத மனசுல வெச்சுக்கிட்டுச் சொல்லு.”

அவள் டப்பாவைத் திருப்பினாள். மூடியைத் திறந்து மோந்தாள். “யோசிக்க என்னக்கா இருக்கு? இது உங்க டப்பா.”

“மெதுவாப் பேசு. மலேசியான்னு சொல்லு.”

“ஒரு வருசமா டப்பா எங்கே, டப்பா எங்கேன்னு உயிர வாங்கினீங்கல்ல? கண்ணால பாத்துக்கிட்டே எப்படிக்கா மலேசியாங்கிறீங்க?”

“என்ன சொல்கிறார்?” என்றார் தலைவி.

“யோசிக்கிறார்” என்றேன்.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். எங்கள் தீவில் யார் எந்த வீட்டில் பிறந்தாலும் இந்தி எல்லோருக்கும் வரும். அதிகாரியைப் பார்த்துக் கணீரென்று சொன்னாள். “ஹமாரா ஹை, சாப். ஹட் பே கா. மேடம் கா அச்சார் கா டப்பா.”

நம்முடையதுதான், ஹட் பேயிலிருந்து போனது, மேடத்தின் ஊறுகாய் டப்பா. மானம் கப்பலேறியது என்பார்கள். எங்கள் ஊரில் கப்பலுக்கு டிக்கெட் கிடைப்பது கஷ்டம், அன்று என் மானத்துக்கு உடனே கிடைத்தது.

வேறு வழியில்லாமல் அதை ஆங்கிலத்தில் சொன்னேன்; எப்படிப் போனது என்று தலைவி விடாமல் கேட்டார். அவள் சொல்லச் சொல்ல நான்தான் என் வாயாலேயே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. ஊறுகாய் தீர்ந்ததும் டப்பாவைக் கழுவி, மேலே எழுதியிருந்தபடி மூடியை இறுக்கி மூடி, கப்பலில் அனுப்ப வாசலில் வைத்திருந்தாள். மழைக்காற்று அடித்து இழுத்துப் போய்விட்டது. மறுநாள் வேலையில் இருக்கும்போது அலையோரம் அதே டப்பா கிடந்தது. ஓடிப் போனாள். கை வைக்கப் போகும்போது ஏழாவது பாரா ஞாபகம் வந்துவிட்டது. டப்பா உள்நாட்டுடையது. எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது, அடிக்கோடு வேறு. டியூட்டி முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். சாயங்காலம் வருவதற்குள் தண்ணீர் ஏறி டப்பா போய்விட்டது. காற்று மாறினால் அலையே திருப்பிக் கொண்டுவரும் என்று நம்பித்தான் என்னிடம் ‘வருதுக்கா’ என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். தென்மேற்குக் காற்று நேராக அந்த நாட்டுக் கரைக்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. மூடி இறுக்கமாக இருந்ததால் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை.

நான் எழுதிய இரண்டு வாசகங்களையும் அவள் அப்படியே கடைப்பிடித்திருக்கிறாள். அவ்வளவுதான் நடந்தது.

ஏழாம் பிரிவு என்றால் என்ன என்று தலைவி கேட்டார். வாசித்துக் காட்டினேன். அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்தவர் கைக்குட்டையைத் தேடும்படி ஆகிவிட்டது. தம் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார், அவர்களும் சிரித்தார்கள். எங்களைக் கேலி செய்கிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: “எங்களிடமும் இது இருக்கிறது. எங்கள் விதிகளில் இது ஒன்பதாவது.”

அதாவது, அவர்கள் கரையில் அவர்கள் ஆட்கள் நம் குப்பையை மட்டும் பொறுக்குகிறார்கள். நம் கரையில் நாம் அவர்கள் குப்பையை மட்டும் பொறுக்குகிறோம். அவரவர் குப்பை அவரவர் கரையில் பத்திரமாகக் காத்திருந்து, காற்று மாறியதும் அக்கரைக்குப் புறப்படுகிறது. போய் இறங்கியதும் வெளிநாட்டுக் கழிவு என்ற அந்தஸ்தோடு பொறுக்கப்படுகிறது. இரண்டு நாட்டுச் சர்க்காரும் பல வருஷமாக ஒத்துழைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறோம், யாருக்கும் தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் குறிப்பு தயாராகிவிட்டது. யார் கரையில் எது கிடந்தாலும், எந்த நாட்டுடையது என்று பார்க்காமல், இரு தரப்பும் பொறுக்குவது. எல்லோரும் கைகுலுக்கினார்கள். எங்கள் அதிகாரி என்னோடு மட்டும் குலுக்கவில்லை.

மறுநாள் அவளைக் கப்பலேற்றப் போனேன். கப்பல்துறையில் வைத்துக் கொட்டித் தீர்த்தேன். “அடி பாதகத்தி, மலேசியான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உனக்கு என்ன கொறஞ்சு போயிருக்கும்? நீ உக்காந்திருக்கற கிளையத்தானே வெட்டிக்கிட்டே?”

அவள் கோபப்படவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள். “இந்த ஒண்ணுல நான் பொய் சொன்னா, மூணு வருசமா சொன்ன எல்லாப் பாட்டிலும் பொய்யாயிடும்லக்கா? எங்கிட்ட வேற என்ன இருக்கு?”

கப்பல் கிளம்பியதும் அங்கேயே ஒரு மூலையில் நின்று அழுதேன். வெட்கமாக இருந்தது. நான் அவளுக்காகத்தான் பொய் சொன்னேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். பாதிதான் அவளுக்காக. மீதிப் பாதி என் ஏழாம் பிரிவுக்காக.

பயந்தபடியே நடந்தது. உடன்பாட்டுக் குறிப்பை வைத்து அவள் ஆர்டரை நீட்டிக்கக் கோப்பு வைத்தேன். கோப்பு திரும்பி வந்தது. “இப்பணியிடம் வெளிநாட்டுக் கழிவுக்காக உருவாக்கப்பட்டது. தற்போது எல்லாக் கழிவும் என்று முடிவாகியுள்ளதால் இப்பணியிடத்துக்கு அவசியம் எழவில்லை.” பாருங்கள், பொறுக்க வேண்டிய குப்பை இரண்டு மடங்கு ஆகிவிட்டது, அதனால் பொறுக்குகிறவள் தேவையில்லையாம்! கோப்பைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. மாதக் கடைசிக்கு நாலு நாள். அங்கே அவள் மகளுக்குப் பரீட்சை.

அன்று ஊறுகாய் போடுகிற மாதிரி உட்கார்ந்து நறுக்கி நறுக்கி ஒரு வரைவு எழுதினேன். இருபது வருஷத்தில் அப்படி ஒன்றை நான் எழுதியதில்லை. “வெளிநாட்டுக் கழிவு என்பதில், உரிய நேரத்தில் அகற்றப்படாவிடில் கடல்வழியே அந்நிய நாட்டை அடைந்து அங்கு வெளிநாட்டுக் கழிவாக மாறக்கூடிய உள்நாட்டுக் கழிவும் அடங்கும்.” பணியிடத்தின் பெயர் மாறவில்லை, தலைப்பு மாறவில்லை. ஏழாம் பிரிவை நானே என் பேனாவால் அடித்தேன். அடிக்கோட்டையும் சேர்த்து.

அதிகாரி படித்தார். திரும்பப் படித்தார். அரைமனதாக, “மாறும் என்பதற்கு ஆதாரம்?” என்றார்.

அதற்கும் நான் தயாராகத்தான் போயிருந்தேன். மேற்படி டப்பா என்னுடையது, அதிலுள்ளது என் கையெழுத்து, அது ஹட் பே கரையில் பொறுக்கப்படாமல் விடப்பட்டதற்கு நான் எழுதிய விதியே காரணம், அது அந்நிய நாட்டில் கண்டெடுக்கப்பட்டது என்று முழுப்பெயரோடு எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். கூட்டத்தில் மலேசியா என்று நான் சொன்னது தவறான தகவல் என்பதையும் கடைசி வரியில் எழுதியிருந்தேன். “மேடம் ஜி, இது உங்கள் சர்வீஸ் புக்கில் ஏறும்” என்றார். ஏறட்டும் என்றேன். கோப்பில் கையெழுத்துப் போட்டார். அதே பேனாவால் எனக்கு ஒரு மெமோவும் போட்டார். அரசு ஊழியரின் பாத்திரம் முன் அனுமதியின்றி அந்நிய மண்ணை அடைந்தது எவ்வாறு என்று மூன்று நாளில் விளக்கம் தரவேண்டுமாம். “மூடி இறுக்கமாக மூடப்பட்டிருந்தது” என்று ஒரே வரியில் விளக்கம் கொடுத்தேன்.

டப்பா இப்போது எங்கள் அலுவலகத்தில் கண்ணாடி பீரோவுக்குள் இருக்கிறது. கழுத்தில் நூல் கட்டி, ‘இணைப்பு 1’ என்று அட்டை தொங்குகிறது. எனக்குத் திருப்பித் தந்துவிடுங்கள் என்று வாய்விட்டே கேட்டேன். இரு தரப்பு ஆவணமாகிவிட்டதால் இரு தரப்பின் சம்மதமும் வேண்டும் என்றார்கள். தினமும் காலையில் நாற்காலியில் உட்காரும்போது என் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டேதான் உட்காருகிறேன்.

போன வாரம் அவள் போன் செய்தாள். மகள் பாஸ். ஆர்டர் கையில் கிடைத்த அன்றைக்கே மகளை விட்டு முழுசும் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள், இப்போது எனக்கு மனப்பாடமாக ஒப்பித்தாள். எல்லாம் பேசிவிட்டு, இந்த வருஷம் நார்த்தங்காய் காய்த்திருக்கிறதா என்று கேட்டாள். மரம் நிறையக் காய்த்திருக்கிறது, ஆனால் நல்ல டப்பாதான் பீரோவில் மாட்டிக்கொண்டதே, எதில் போட்டு அனுப்புவது என்றேன்.

“எதுல வேணா அனுப்புங்கக்கா” என்றாள். “இந்தத் தடவ அலையில போனா, டியூட்டி நேரத்துலயே கழுத்தளவு தண்ணியில எறங்கி எடுப்பேன். ஆர்டர்லயே இருக்கு.”